இரு கூம்பும் ஒரு குரலும்

செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா நாடக மேடையில் நின்று பாடியபொழுது, அவர் முன்னே ஒலிவாங்கி இல்லை. கொட்டகையின் கம்பத்திலே ஒலிபெருக்கியும் இல்லை. முன் வரிசையில் நாற்காலியில் இருந்தவருக்குக் கேட்ட சொல், கடைசியில் தரையில் அமர்ந்திருந்தவருக்கும் சிதையாமல் கேட்டது. அவருடைய புகழில் ஒரு பாதி அந்தக் குரலின் வீச்சினால் வந்தது என்று சொல்லலாம். 1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இருபத்தேழாம் வயதிலே அவர் மறைந்தார்.

அதே 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், அமெரிக்க நாட்டிலே ஒரு சோதனை நடைபெற்றது. பிலடெல்பியா நகரத்து இசைக்குழு தன் ஊரிலேயே இருந்து வாசித்தது. வாஷிங்டன் நகரில் ஒரு மண்டபத்தில் மக்கள் கூடியிருந்தனர். அம்மண்டபத்து மேடையிலே கலைஞர் ஒருவரும் இல்லை. தொலைபேசிக் கம்பி வழியாக வந்த இசையைத் திரைக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கிகள் எழுப்பின. இசைக்குழுவின் தலைவர் ஸ்டோகோவ்ஸ்கி மண்டபத்தின் பின்புறம் அமர்ந்து, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கருவியினால் நடத்தினார். பெல் ஆய்வுக்கூடத்தார் அமைத்த அந்த ஒலிபெருக்கிகளில் ஒரு புதுமை இருந்தது. விநாடிக்கு 300 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை ஒரு பெரிய குழல் எழுப்பியது; அதற்கு மேற்பட்டவற்றை வேறு சிறு குழல்கள் எழுப்பின. ஒரே இசையை இரண்டாகப் பிரித்து, இரண்டு வாய்களால் பாடவைத்து, காற்றிலே மீண்டும் ஒன்றாகச் சேர்க்கும் முயற்சி அது.

இந்த இரண்டு செய்திகளுக்கும் நேரான உறவு எதுவும் இல்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான். மனிதத் தொண்டை ஒன்றாகச் செய்த வேலையை இயந்திரம் இரண்டாகப் பிரித்துச் செய்யும்பொழுது, கேட்பவன் காதுக்கு அது மறுபடியும் ஒரே குரலாக வந்து சேருமா? இன்று கடையநல்லூரிலோ தென்காசியிலோ ஒரு மாணவர் பலகையை அறுத்து, வூஃபர் ஒன்றும் ட்வீட்டர் ஒன்றும் வாங்கிப் பெட்டி செய்ய முனைந்தால், அவரும் இதே கேள்வியின் முன் நிற்கிறார். அதற்கு விடை கண்டவர்கள் எவ்வாறு கண்டார்கள், எங்கே வழுக்கினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் அவருடைய கைப்பொருள் வீணாகாது.

முதலில் ஒற்றைக் கூம்பின் காலத்தைப் பார்ப்போம். காந்தத்தின் நடுவே கம்பிச் சுருளை நிறுத்தி, அதில் மின்னோட்டத்தைச் செலுத்திச் சுருளை அசையவைக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் 1898இல் அதற்கு உரிமை பெற்றார். கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் 1915இல் அதைக் குழலோடு பொருத்தித் திறந்த வெளிக் கூட்டத்திற்குக் கேட்கச் செய்தனர். 1925இல் ரைஸ், கெல்லாக் என்னும் பொறியாளர்கள் குழலையும் நீக்கிவிட்டு, காகிதக் கூம்பு ஒன்றே காற்றைத் தள்ளும் அமைப்பை விளக்கி வெளியிட்டனர். இன்று நம் கடைகளில் தொங்கும் ஒலிபெருக்கிகளுள் பெரும்பாலானவை அந்த 1925ஆம் ஆண்டின் வழித்தோன்றல்களே. பொருள்கள் மாறின, காந்தம் மாறியது, தத்துவம் மாறவில்லை.

நம் நாட்டிற்கு இவை வந்த விதம் சுவையானது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முயற்சியால் 1924இல் வானொலிச் சங்கம் ஒன்று தோன்றி ஒலிபரப்பியது. பணமின்றி அது நின்றபின், 1930இல் மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. வானொலிப் பெட்டி வாங்க இயலாத மக்கள், கடற்கரையிலும் பூங்காக்களிலும் நிறுவப்பட்ட ஒலிபெருக்கிகளின் முன் அமர்ந்து பாட்டுக் கேட்டனர். அரசியல் மேடைக்கும் இதே காலத்திலேதான் ஒலிபெருக்கி வந்தது. பம்பாயில் மோட்வானி குடும்பத்தார் நடத்திய சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் கருவிகள் காங்கிரஸ் மாநாடுகளில் வைக்கப்பட்டன. காந்தியடிகளின் மெல்லிய குரல் பல்லாயிரவர்க்குக் கேட்டது அவற்றால்தான். குரலால் மேடையை ஆண்டவர்களின் காலம் அப்பொழுது முடிந்துகொண்டிருந்தது. மெல்லப் பேசுபவரும் தலைவராகலாம் என்ற நிலை வந்தது. இதற்கு ஒலிபெருக்கி எவ்வளவு துணைசெய்தது என்பதை நம் அரசியல் வரலாற்றை எழுதுவோர் இன்னும் சற்று ஆராயலாம்.

திருச்சி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு தொடங்கியது. திருநெல்வேலி நிலையம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தென்பாண்டி நாட்டு ஊர்கள் திருச்சியையும் இலங்கையையும் கேட்டு வாழ்ந்தன. அந்தக் காலத்து வானொலிப் பெட்டிக்குள் ஒரே ஒரு காகிதக் கூம்புதான் இருந்தது. அதைக் குறையென்று எவரும் எண்ணவில்லை, எண்ணவும் காரணமில்லை. மத்திய அலை ஒலிபரப்பில் ஒரு நிலையத்திற்கு ஒதுக்கப்படும் இடம் குறுகியது. விநாடிக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகள் அதில் வருவது அரிது. வராத ஒலியைப் பாடுவதற்கு இரண்டாவது கூம்பு எதற்கு? எட்டு அங்குலக் கூம்பும் ஒரு மரப்பெட்டியும் போதுமானவையாக இருந்தன.

அந்த நிறைவைக் குலைத்தவை நீண்ட நேர இசைத்தட்டும், ஒலிநாடாவும், பண்பலை ஒலிபரப்பும் ஆகும். இசைத்தட்டு 1948இல் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் நாடாவைச் சிறு பேழைக்குள் அடைத்து 1963இல் வெளியிட்டது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் சென்னையிலே தொடங்கியது. இவற்றுள் கடையநல்லூருக்கு நெருக்கமானது நாடாப் பேழைதான். தறியும் வயலும் கொண்ட இவ்வூரார் நெடுங்காலமாகவே கடல் கடந்து பிழைத்தவர்கள். சிங்கப்பூரில் வாழ்ந்த கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946ஆம் ஆண்டிலேயே உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கும் அளவுக்கு அங்கே வேரூன்றியிருந்தனர். அக்கரைச் சீமையிலிருந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் துணிக்கும் தைலத்திற்கும் நடுவே டேப் ரிக்கார்டர் ஒன்று இருப்பது எழுபதுகளில் நம் பக்கத்தில் வழக்கமாயிற்று. எழுதத் தெரியாத தாய்க்கு மகன் தன் குரலைப் பதிந்து அனுப்பிய காலம் அது. கருவி வந்தது, பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி விமானத்தில் வரமுடியாது. ஆகவே அதை உள்ளூர்த் தச்சரும் ரேடியோ மெக்கானிக்கும் சேர்ந்து செய்தனர். வீட்டிலே ஸ்பீக்கர் பெட்டி செய்யும் கலை நம் சிற்றூர்களில் வளர்ந்தது இவ்விதமே.

அவர்கள் செய்த பெட்டிகளில் பல, உரக்கப் பாடின, தெளிவாகப் பேசவில்லை. காரணத்தை அறிய, ஒலியின் நீளத்தை அளந்து பார்க்கவேண்டும்.

ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. விநாடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம். ஏறத்தாழ ஓர் அறையின் அகலம். 3,000 முறை அதிரும் ஒலியின் அலையோ பதினொரு சென்டிமீட்டர்தான். அலை பெரிதாகவும் கூம்பு சிறிதாகவும் இருக்கும்வரை ஒலி எல்லாப் பக்கமும் பரவும். அலையின் நீளம் கூம்பின் விட்டத்தோடு ஒத்துப்போகும் அளவுக்குக் குறைந்தால், ஒலி டார்ச் விளக்கின் ஒளிபோல நேர்முன்னே குவிகிறது. பக்கத்தில் இருப்பவர் மங்கலாகக் கேட்பார். இதோடு, விரைந்து அதிரும்பொழுது காகிதக் கூம்பு ஒரே பொருளாக அசையாமல் பகுதி பகுதியாக நெளியத் தொடங்குகிறது. ஆகவே உயர்ந்த ஒலிக்குச் சிறிய கூம்பு வேண்டும். தாழ்ந்த ஒலிக்கோ சிறிய கூம்பு உதவாது. ஒலியின் அதிர்வெண் பாதியாகக் குறையுந்தோறும், அதே அளவு உரக்கப் பாடக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசையவேண்டும். கட்டைவிரல் அகலமுள்ள ட்வீட்டர் அவ்வளவு அசைந்தால் கிழிந்துவிடும்.

இரண்டு தேவை என்பது இதனால் தெளிவாகிறது. எங்கே பிரிப்பது என்பதுதான் கடினம். தமிழ் பேசும் நமக்கு இக்கேள்வி தனிப்பட்ட முறையில் முக்கியமானது. வலி, வளி, வழி என்ற மூன்று சொற்களையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பத்து, பட்டு, பற்று என்பவற்றையும் சொல்லுங்கள். உயிரொலிகள் ஒன்றே, நடுவில் நிற்கும் மெய்யால் பொருள் மாறுகிறது. நாக்கு பல்லைத் தொட்டதா, அண்ணத்தை வருடியதா என்பதைக் காது கண்டுபிடிப்பது பெரும்பாலும் 1,500 முதல் 3,500 அதிர்வுகள் வரையுள்ள எல்லைக்குள் நிகழும் சிறு மாறுதல்களால்தான். வீட்டுப் பெட்டியில் வூஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் இடமும் பெரும்பாலும் இதே எல்லைக்குள் விழுகிறது. மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்திலேயே தையல் வருகிறது. வேட்டியின் தையல் ஓரத்தில் இருந்தால் எவரும் காணார். நடுவிலே வந்தால் நேராக இருந்தே தீரவேண்டும்.

பிரிக்கும் கருவிக்குக் கிராஸ் ஓவர் என்று பெயர். இது ஒலிபெருக்கிக்காகப் பிறந்த கருவி அன்று. ஒரே கம்பியில் பல உரையாடல்களை ஒன்றோடொன்று கலவாமல் அனுப்பத் தொலைபேசித் துறையார் முயன்றபொழுது, அமெரிக்காவில் கேம்பெல் என்பவரும் ஜெர்மனியில் வாக்னர் என்பவரும் 1915ஆம் ஆண்டை ஒட்டி, கம்பிச் சுருளையும் மின்தேக்கியையும் கொண்டு அதிர்வெண்களை வடிகட்டும் முறையைக் கண்டனர். சோபெல் என்ற கணித வல்லுநர் 1923இல் அதை விரிவாக்கினார். கம்பிச் சுருள் விரைந்த அதிர்வுகளைத் தடுக்கும். மெக்கானிக்குகள் கண்டென்சர் என்று சொல்லும் மின்தேக்கி மெதுவான அதிர்வுகளைத் தடுக்கும். வூஃபருக்கு முன் சுருளையும் ட்வீட்டருக்கு முன் மின்தேக்கியையும் வைத்தால் பிரிவினை முடிந்தது என்று தோன்றும். பிரிப்பது எளிதுதான். சேர்ப்பதில் உள்ள இடரை முதன்முதலில் உலகுக்குக் காட்டியவர் ஒரு நடனப் பெண்.

பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆன காலம். ஹாலிவுட்டில் எம். ஜி. எம். நிறுவனத்தின் ஒலித்துறையில் டக்ளஸ் ஷியரர் தலைமையில் ஜான் ஹில்லியார்டு முதலியோர் திரையரங்குக்குத் தக்க ஒலிபெருக்கியைத் தேடினர். பிலடெல்பியாச் சோதனையில் பயன்பட்டதைப் போன்ற அமைப்பையும் பரிசோதித்தனர். எலினார் பவல் என்ற நடிகை காலணியால் தரையைத் தட்டி ஆடும் நடனத்தில் வல்லவர். அவருடைய நடனத்தைப் போட்டுக் கேட்டபொழுது, ஒரு தட்டு இரண்டு தட்டாகக் கேட்டது. தாழ்ந்த ஒலிக்குரிய குழல் மடிந்து மடிந்து நீண்டது. உயர்ந்த ஒலிக்குரியது குட்டையானது. ஒலி ஓர் அடி செல்ல ஏறத்தாழ ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். பல அடி நீளம் மிகுந்த பாதையில் வந்த பாதித் தட்டு, மற்றப் பாதிக்குப் பின்தங்கியே வந்து சேர்ந்தது. இசைக்குழுவின் நீண்ட நாதத்தில் இது மறைந்திருந்தது. கூர்மையான தட்டில் வெளிப்பட்டுவிட்டது.

அவர்கள் பாதைகளின் நீளத்தைக் குறைத்து ஒன்றுக்கொன்று நெருங்கச் செய்து, 500 அதிர்வுகளை ஒட்டிப் பிரித்து, புதிய அமைப்பை உருவாக்கினர். 1936ஆம் ஆண்டுக்குரிய திரைப்படக் கழகத்தின் தொழில்நுட்பப் பரிசு அதற்குக் கிடைத்தது. அவ்வேலையில் பங்கு கொண்ட ஜேம்ஸ் லான்சிங் பிற்காலத்தில் தம் பெயரால் தொடங்கிய நிறுவனத்தின் மூன்று எழுத்துக்களை இன்று நம் ஊர்க் கடைகளிலும் காணலாம். அசலிலும் போலியிலும்!

இவ்வரலாற்றிலிருந்து வீட்டில் பெட்டி செய்பவர் முதலில் எடுத்துக்கொள்ளவேண்டியது, அளவு பற்றிய செய்தி. நம் பக்கத்தில் பன்னிரண்டு அங்குல வூஃபர்மேல் ஒரு மோகம் உண்டு. திரையரங்கில் அதனினும் பெரிய கூம்புகள் இருப்பதைக் கண்டு வந்த மோகம். ஆனால் திரையரங்கிலே உயர்ந்த ஒலிக்குக் குழலோடு கூடிய வலிய கருவி இருந்தது. அது 500 அதிர்வுகள் வரை கீழிறங்கி வரக்கூடியது. வீட்டில் நாம் வாங்கும் ஓர் அங்குல ட்வீட்டர் அப்படி இறங்காது. அதன் இயற்கை அதிர்வெண் பெரும்பாலும் 1,000ஐ ஒட்டியிருக்கும். அதன் இரு மடங்குக்குக் கீழே அதை வேலை வாங்கலாகாது என்பது பட்டறிந்தோர் கொள்கை. பன்னிரண்டு அங்குலக் கூம்பின் அசையும் பகுதி சுமார் 26 சென்டிமீட்டர். 1,300 அதிர்வுகளிலேயே அது குவியத் தொடங்கிவிடும். 1,300க்கும் 2,000க்கும் நடுவே உள்ள பகுதியை ஏற்று நடத்த இருவரில் ஒருவரும் ஒழுங்காக இல்லை. வழியும் வளியும் வேறுபடும் இடம் அது. எட்டு அங்குலக் கூம்பு 2,000 வரை வரும். நல்ல ட்வீட்டர் கிடைத்தால் பொருந்தும். ஐந்து அல்லது ஆறரை அங்குலக் கூம்பு எளிதாகப் பொருந்தும். ஆழ்ந்த ஒலி சற்றுக் குறையும், குறையட்டும். பேச்சும் பாட்டும் நிற்கும்.

இரண்டையும் முன்பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு தொடுமளவு நெருக்கிப் பதிக்கவேண்டும். அவற்றின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரம், பிரியும் அதிர்வெண்ணின் அலைநீளத்தை மிஞ்சாமல் இருப்பது நலம். அழகுக்காக ட்வீட்டரை மூலையில் தள்ளி வைப்பது பவலின் காலணியை இரண்டாக்குவதற்குச் சமம்.

அடுத்தது, பெட்டியின் அளவு. இதில் நெடுங்காலம் ஊகமே ஆட்சி செய்தது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் 1961இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். கூம்பின் இயற்கை அதிர்வெண், அதன் அடக்கம், அதன் மீள்தன்மைக்கு ஈடான காற்றின் கன அளவு ஆகிய சில எண்களை அறிந்தால், எத்தனை லிட்டர்ப் பெட்டி, எவ்வளவு நீளமுள்ள துளைக்குழாய் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம் என்று காட்டினார். அவ்வுரை பத்து ஆண்டுகள் பலர் கண்ணிலும் படவில்லை. 1971இல் அமெரிக்க ஒலிப் பொறியாளர் சங்கத்தின் ஏடு அதை மறுபடி அச்சிட்டது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஸ்மால் அதனை மேலும் வளர்த்தார். இன்று அவ்விருவர் பெயராலும் அந்த எண்கள் வழங்குகின்றன. அவற்றை அச்சிட்டுத் தராத ஸ்பீக்கரை, காந்தம் எவ்வளவு கனமாக இருந்தாலும், பெட்டி செய்ய வாங்கலாகாது என்பது என் கருத்து. நம் கடைகளில் காந்தத்தைக் கையில் தூக்கிப் பார்த்து விலை பேசுகிறோம். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல அதற்கும் ஒரு பயன் இருக்கலாம். ஆனால் அந்தக் கனம் லிட்டர்க் கணக்கைச் சொல்லாது.

எண்களைப் பார்க்கும்பொழுது உணர்திறன் என்பதையும் பார்க்கவேண்டும். ஒரே மின்சாரத்திற்கு ஒன்று 87 டெசிபலும் மற்றொன்று 91 டெசிபலும் பாடுமாயின், பின்னதை மின்தடையால் அடக்கி இறக்கவேண்டும். ட்வீட்டரை அடக்கலாம், வூஃபரை உயர்த்த வழியில்லை. ஆகவே ட்வீட்டர் சற்று உரத்ததாக இருப்பதே நன்று. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. குறுகிய முன்பலகையிலிருந்து புறப்படும் தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடுவதால், முன்னே இருப்பவருக்கு வூஃபரின் அடிப்பகுதி 6 டெசிபல் வரை குறைந்து கேட்கும். நம் ஊர்ப் பெட்டிகள் பலவும் காதைக் குத்துவதற்கு இந்தக் கணக்கைப் போடாததே பெருங்காரணம்.

இனி வடிகட்டி. ட்வீட்டருக்கு முன் ஒரே ஒரு மின்தேக்கி வைப்பது நம்மிடையே மிகப் பரவிய பழக்கம். எட்டு ஓம் தடைக்கு, 3,000 அதிர்வில் பிரிக்க, 6.6 மைக்ரோஃபாரட் போதும் என்று கணக்கு சொல்லும், வூஃபருக்கு 0.42 மில்லிஹென்றிச் சுருள். மலிவானது, ஆனால் அதன் காவல் மெத்தனமானது. அதிர்வெண் பாதியாகும்பொழுது அது மின்னழுத்தத்தைப் பாதியாகத்தான் குறைக்கிறது. ட்வீட்டரின் அசைவோ அதே வேளையில் நான்கு மடங்காகப் பார்க்கிறது. ஆகவே தடுத்த பின்னும் அசைவு இரு மடங்காகிறது. கீழே இறங்க இறங்க ட்வீட்டர் மேலும் மேலும் துடிக்கிறது. திருமண வீட்டில் ஒலியைக் கூட்டினால் ட்வீட்டர்கள் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்தேக்கியோடு ஒரு சுருளையும் சேர்த்து இரட்டைக் காவல் வைத்தால், அசைவு பெருகாமல் ஓரளவில் நிற்கும்.

இரட்டைக் காவலின் கணக்கை நேர்செய்தவர்கள் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் மின் அளவைக் கருவிகள் செய்துவந்த ஜீக்ஃபிரீடு லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இருவர். ஒலிபெருக்கி அவர்களுக்குப் பொழுதுபோக்கு. பழைய முறையில் இணையும் இடத்தில் ஒவ்வொரு கூம்பும் பாதித் திறன் தரும்படி அமைத்தனர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் ஒரே திசையில் தள்ளும்பொழுது, கூடுவது ஒலியின் அழுத்தம். ஆகவே ஒவ்வொன்றும் பாதி அழுத்தம் தரவேண்டும். இரண்டும் ஒத்த கட்டத்தில் இருக்கவேண்டும். அப்பொழுது ஒலி நேர்முன்னே சாயாமல் வரும். 1976இல் லிங்க்விட்ஸ் இதனை எழுதி வெளியிட்டார். இம்முறையில் முன்சொன்ன 3,000 அதிர்வுக்கு மின்தேக்கி 3.3 மைக்ரோஃபாரட், சுருள் 0.85 மில்லிஹென்றி என்று வரும். ட்வீட்டரின் இரு கம்பிகளையும் மாற்றி இணைக்கவேண்டும் என்பதை மறக்கலாகாது. இரட்டைக் காவல் இரு கூம்புகளையும் எதிர் எதிர்த் திசையில் அசையவைக்கும். மாற்றாவிட்டால் இணையும் இடத்தில் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் எட்டு ஓம் என்று எழுதியிருப்பது எப்பொழுதும் எட்டு ஓமாகவே இருக்கும் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. அது இருப்பதில்லை. வூஃபரின் குரல் சுருளும் ஒரு சுருள் ஆதலால், அதிர்வெண் ஏற ஏற அதன் தடை ஏறிக்கொண்டே போகும். ஒரு மின்தடையையும் ஒரு மின்தேக்கியையும் தொடராகக் கோத்து வூஃபருக்கு இணையாகப் போட்டால் அந்த ஏற்றம் அடங்கும். தொலைபேசிக் காலத்து சோபெலின் பெயர்தான் இன்றும் அந்தச் சிறு இணைப்புக்கு வழங்குகிறது. ஆயத்தமாக விற்கும் கிராஸ் ஓவர் பலகைகளை வாங்கி எந்தக் கூம்புக்கும் மாட்டிவிடுவோர், அடுத்தவருடைய மூக்குக் கண்ணாடியை அணிந்துகொள்வோருக்கு ஒப்பானவர்.

வானொலிக்காரர்கள் இதில் எவ்வளவு பொறுமை காட்டினர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. எழுபதுகளின் முற்பகுதியில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்துக்கு, வெளிக்கள ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்கச் சிறிய ஒலிபெருக்கி ஒன்று தேவைப்பட்டது. ஐந்து அங்குல வூஃபரும் முக்கால் அங்குல ட்வீட்டரும் கொண்டு, ஓர் அடி உயரமுள்ள மூடிய பெட்டியில் அதைச் செய்தனர். பிரிவு 3,000 அதிர்வுகளில். கூம்புகள் கெஃப் நிறுவனத்தாரின் வழக்கமான சரக்குகளே. உழைப்பு முழுவதும் வடிகட்டியில் இருந்தது. ட்வீட்டரின் அளவைச் சிறு சிறு படிகளாக ஏற்றி இறக்கும் வசதிகூட அதில் வைத்தனர். தரத்தைச் சோதிக்க அவர்கள் பெரிதும் நம்பியது இசையை அன்று, மனிதப் பேச்சை. அறிவிப்பாளர் ஒருவர் பக்கத்து அறையில் நேரில் பேசுவார். அதே குரல் பெட்டியிலும் வரும். இரண்டையும் மாறி மாறிக் கேட்டு ஒப்பிடுவர். ஹார்வுட் முதலிய மூவர் 1976இல் எழுதிய அறிக்கையில் அதன் அமைப்பு முழுவதும் விளக்கப்பட்டுள்ளது. அரை நூற்றாண்டு கடந்தும் அதைப் பார்த்துச் செய்பவர் பல நாடுகளில் இருக்கின்றனர்.

இந்தச் சோதனையை நம் ஊரிலும் செய்யலாம். இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே ஒலியைப் பதியும். அதிர்வெண்ணை வரைபடமாகவும் காட்டும். வரைபடம் வேண்டியதே. ஆயினும் கேட்டுப் பழகிய ஓசைகளையும் ஒரு முறை போட்டுப் பார்க்கவேண்டும். மிருதங்கம் நல்ல சோதனைப் பொருள். அதன் வலந்தலையிலே சுரம் பிறக்கும் விதத்தை சி. வி. இராமன் 1920இலும் அதன் பின்னரும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இடந்தலையின் கும்காரமும் வலந்தலையின் நாதமும் ஒரே மரத்திலிருந்து வருவதாகக் கேட்கவேண்டும். ஒன்று கீழிருந்தும் மற்றொன்று மேலிருந்தும் வந்தால் தையல் பிரிந்திருக்கிறது. கைத்தறி அதனினும் கடுமையான சோதனை. தறியின் பலகை அடிக்கும்பொழுது ஆழ்ந்த ஓசையும் கூரிய ஓசையும் ஒரே நொடியில் பிறக்கின்றன. எலினார் பவலின் காலணிக்கு அது சளைத்தது அன்று.

கடைசியாக, வீட்டில் வயது முதிர்ந்த ஒருவரை அமரவைத்து, வலி, வளி, வழி, பத்து, பட்டு, பற்று என்று சொல்லச் செய்து பதிந்துகொள்ளுங்கள். சொற்களின் வரிசையை மாற்றி, அவரை அறியாத நண்பர் ஒருவரைப் பெட்டிக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். பிழை வந்தால் ட்வீட்டரின் கம்பிகளை ஒருமுறை மாற்றி இணைத்து மறுபடியும் எழுதச் சொல்லுங்கள்.